இரண்டாவது ஹீட்டர்

"அடுப்பை அணை, குளிக்கப் போறேன்."

"பால் இப்பதானே வச்சேன்?"

"கேஸ் குழாய் சின்னது. அடுப்பும் பாத்ரூம் ஹீட்டரும் ஒண்ணா எரியாது. பெருசா மாத்திடலாம், கொஞ்சம் பொறுத்துக்கோ."

கல்யாணமான புதிதில் கணவன் சொன்ன அந்தக் 'கொஞ்சம்' மகள் பெரிய பள்ளிக்கூடம் போன பிறகும் முடியவில்லை. வீட்டில் ஒவ்வொருவராகக் குளிக்க, அவள் அடுப்பை அணைத்து அணைத்து ஏற்றினாள். கடைசிப் பாத்திரம் அடுப்பில் இருக்கும்போதே பச்சைத் தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டு மருந்துக்கடை வேலைக்கு ஓடினாள்.

இந்த அழகில் மாமனார், தள்ளுபடியில் கிடைத்ததென்று மாடிக் குளியலறைக்கு இன்னொரு கேஸ் ஹீட்டரை வாங்கி மாட்டிவிட்டார். இரண்டு ஹீட்டரும் எரிந்தால் அடுப்பு நீலப் பொட்டாகச் சுருங்கியது. கேஸ்காரரைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

அவர் மீட்டரைப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தார். "தெருவிலேருந்து பெரிய குழாய் இழுத்து மீட்டரையும் மாத்தணும். இல்லைன்னா அடுப்பைக் கரண்டுக்கு மாத்திடுங்க. ஹீட்டர் ரெண்டையும் இந்தக் குழாயே தாங்கும்."

"பேசாம புது ஹீட்டரைத் திருப்பிக் குடுத்துடலாமேப்பா," என்றான் கணவன்.

"தள்ளுபடியில வாங்கினதை எவன்டா திருப்பி எடுப்பான்? வாசலையெல்லாம் தோண்டவும் வேணாம். கரண்டு அடுப்பு வாங்கு."

முடிந்தது பேச்சு. கணவன் பரிசு கொடுப்பவன் முகத்தோடு அவள் பக்கம் திரும்பினான்.

"உனக்குத்தான் நல்லது. இனிமே நாங்க குளிக்கிறப்பவும் நீ நிறுத்தாம சமைக்கலாம்."

அவளுக்கு உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது. கரண்டியை மேடைமேல் வைத்தாள். சத்தமாகத்தான் வைத்தாள்.

"யாரைக் கேட்டு முடிவு பண்ணீங்க?"

"இதுல கேக்க என்ன இருக்கு? உன் வசதிக்குத்தானே..."

"என் வசதியா? நான் இந்த வீட்ல சுடுதண்ணில குளிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?"

மாமனாருக்குத் திடீரென்று மீட்டர்மேல் அக்கறை வந்துவிட்டது. கேஸ்காரர் செருப்பைத் தேடினார். "நான் வேணா வெளியில நிக்கட்டுமாம்மா?"

"இருங்கண்ணே. நீங்களும் கேளுங்க."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்று கணவன் முனகினான்.

சொல்லியிருக்கலாம். தினமும் தொண்டைவரை வந்ததை, வேலைக்கு நேரமாகிறதே என்று அவளே விழுங்கியிருந்தாள். அந்த ஆத்திரமும் சேர்ந்துகொண்டது.

"குழாய் போடுங்க, கரண்டு அடுப்பு வாங்குங்க, எதையோ பண்ணுங்க. நாளையிலேருந்து காலையில முதல்ல நான் குளிக்கணும். சுடுதண்ணில, அவசரமில்லாம. அதுவரைக்கும் அடுப்புகிட்ட நீங்க நிக்கணும்."