கசூபா என்ற பெயர்

ஏரிக்கரை ஊரான சம்ஃபியாவில் விடியற்காலையில் ஏரிக்கும் வானத்துக்கும் நடுவே கோடு இருக்காது. அந்தக் கோடில்லாத வெளிக்குள் லோம்பே தினமும் முழங்கால் வரை இறங்குவாள். படகுத்துறை ஓரமாக நட்டிருக்கும் அளவுப்பலகையில் நீர் எந்த எண்ணைத் தொடுகிறதோ, அதைப் பார்த்து எழுதி நீர்வளத் துறைக்குத் தெரிவிப்பது அவள் வேலை. பதினாறு வருடமாக அதே பலகைதான். இப்போது துறை, நோட்டுப் புத்தகம் போதாது, கணினியில் பதிய வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆகவே நாற்பத்தொரு வயதில் அவள் செவ்வாய்தோறும் பிற்பகலில், பக்கத்துப் பள்ளிக்கு நிரல் எழுதப் படிக்கப் போனாள்.

சொல்லித்தந்த மலாமாவுக்கு இருபத்துமூன்று வயது. அவளை அக்கா என்பான். அவள் தப்பு செய்தால், தானே செய்துவிட்டதுபோலத் தலையைச் சொறிவான்.

மூன்றாவது வாரம் 'மாறி' வந்தது. முதலில் ஒரு பெயர் வைக்கிறோம், அந்தப் பெயரில் ஒரு மதிப்பை இருத்துகிறோம், பெயர் அப்படியே இருக்கும், மதிப்பை மாற்றிக்கொண்டே போகலாம் என்றான் மலாமா. லோம்பே 'மட்டம்' என்று பெயர் வைத்து அதில் 412ஐ இருத்தினாள். பிறகு 415. மட்டம் எவ்வளவு என்று கேட்டதற்குத் திரை 415 என்றது.

"அந்த நானூத்திப் பன்னெண்டு எங்க?"

"போயிடுச்சுக்கா."

"போயிடுச்சுன்னா? எங்கயாவது இருக்கும்ல?"

"எங்கயும் இருக்காதுக்கா. புதுசு வந்தா பழசு கெடையாது."

அடுத்ததாக அவன் பலகையில் 'மட்டம் = மட்டம் + 3' என்று எழுதினான். மற்றவர்கள் குனிந்து எழுதிக்கொண்டார்கள். எந்தப் பொருளும் தன்னைவிடத் தானே மூன்று கூடுதலாக இருக்க முடியாது, இது பொய் என்று பட்டது லோம்பேவுக்கு. நோட்டை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

கோபம் மலாமா மேல் இல்லை. போன கோடையில் அவள் அக்கா கசூபா இறந்துபோயிருந்தாள். அவர்கள் வழக்கப்படி இறந்தவரின் பெயர் ஆளில்லாமல் கிடக்கக் கூடாது; தாய்வழியில் ஒருத்தி பாயில் உட்கார்ந்து தண்ணீர் குடித்து அந்தப் பெயரை ஏற்க வேண்டும். அன்றிலிருந்து இறந்தவரின் உறவெல்லாம் அவளுக்கு உறவு. அக்காவுமே கசூபாவாகப் பிறந்தவள் இல்லை. அது அவர்கள் அம்மாவைப் பெற்றவளின் பெயர். அதை ஏற்ற நாள்முதல், இருபது வருடமாக, அம்மா தன் மூத்த மகளையே 'அம்மா' என்று அழைத்துவந்தாள். இப்போது அந்தப் பெயரை ஏற்கப் பெரியவர்கள் லோம்பேயைச் சொல்லியிருந்தார்கள். அவள் நாளைக் கடத்திக்கொண்டே இருந்தாள். அந்தப் பெயருக்குள் போய்விட்டால் லோம்பே எங்கே போவாள் என்று தெரியவில்லை. இப்போது திரை பதில் சொல்லிவிட்டது, எங்கேயும் இல்லை என்று.

அந்த வாரம் முழுக்க மழை. ஏரி சத்தமில்லாமல் ஏறியது. காலையில் நீருக்குள் நிற்கும்போது, தான் நிற்கிறோமா மிதக்கிறோமா என்றே அவளுக்குப் புரியவில்லை.

அடுத்த செவ்வாய் எல்லாருக்கும் முன்னால் வகுப்புக்கு வந்தாள். 412ஐ இருத்திவிட்டு, அந்தப் பொய் வரியைத் தானே அடித்துப் பார்த்தாள். 415. வீம்புக்கு, இதுவரை வைக்காத ஒரு பெயரை எடுத்து 'மழை = மழை + 3' என்று அடித்தாள். திரை சிவந்தது. மழை என்று யாரையும் எனக்குத் தெரியாது என்றது.

மலாமா வந்து பின்னால் நின்றான். "வலப்பக்கத்தைத்தான்க்கா மொதல்ல பாக்கும். பழைய மட்டம் என்னன்னு கேட்டுக்கும். அதோட மூணைக் கூட்டி, அப்பறந்தான் அந்தப் பேர்ல கொண்டுவந்து வைக்கும்."

"அப்ப பழசு இல்லாம இந்தப் புதுசு வராது."

"வராதுக்கா."

"போயிடுச்சுன்னியே?"

அவன் தலையைச் சொறிந்தான். "அதுவும் நெசந்தான்க்கா."

லோம்பே சிரித்துவிட்டாள். பிறகு அந்த வாரத்து ஏழு நாள் ஏற்றத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடித்தாள். ஒவ்வொரு வரியும் முந்தைய நாள் தண்ணீரின் மேல் ஏறி நின்றது. பெயர் ஒன்றுதான். மாலை வெயில் மேசையை விட்டுப் போகும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போனதும், ஞாயிற்றுக்கிழமை பாய் விரிக்கலாம் என்று பெரியவர்களுக்குச் சொல்லியனுப்பினாள்.

பாயில் உட்கார்ந்து குடித்த தண்ணீர் தகரமும் ஏரியும் கலந்த ருசியில் தொண்டைக்குள் இறங்கியது. உடம்பில் ஒன்றும் நடக்கவில்லை. மணிக்கட்டில் வெள்ளைப் பாசிமணி கட்டினார்கள். கசூபா என்று யாரோ கூப்பிட்டபோது அவள் திரும்பவில்லை. அக்கா பதில் சொல்வாள் என்று காத்திருந்தாள்.

அப்புறம் அம்மா வந்தாள். எழுபத்துமூன்று வயது. லோம்பேயின் நடையிலும் சமையலிலும் ஆயுள் முழுக்கக் குறை கண்டவள். மெல்ல மண்டியிட்டு, பெற்றவள் முன்னால் தட்டுவதுபோலக் கைகளை மெதுவாகத் தட்டினாள்.

"வந்துட்டியாம்மா? வழியெல்லாம் நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு. நீ சாப்ட்டியாடி?"

'டி' என்று சொன்னதை அவள் பிறகுதான் கவனித்தாள். யாரும் திகைக்கவில்லை.

"இல்ல. மீன்ல ஒரே முள்ளு," என்றாள் அம்மா, சிணுங்கலாக.

லோம்பே தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு முள்ளை எடுத்தாள். மகளுக்கு ரொம்பச் செல்லம் கொடுக்காதே என்று கூட்டத்தில் ஒருத்தி கேலி செய்தாள். அம்மா அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மரவள்ளிக் களியோடு மீனை வாங்கி வாங்கித் தின்றாள். பாதியில் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா, ஒன் பேத்தி லோம்பே இருக்காளே. அப்ப அவளுக்கு ஒம்பது வயசு இருக்கும். நான் ஜொரத்துல கெடந்தேன். அவ ஒத்த ஆளா தோணி தள்ளி என்னை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனா. கையெல்லாம் கொப்புளம். இன்னிவரைக்கும் அவகிட்ட நான் ஒரு நல்ல வார்த்த சொன்னதில்ல."

லோம்பேயின் விரல்கள் மீனுக்குள் நின்றுவிட்டன. அந்தக் காலை அவளுக்கே மறந்துபோயிருந்தது.

"சொல்லுடி," என்றாள். "எல்லாத்தையும் சொல்லு."

அம்மா சொல்லத் தொடங்கினாள்.