தகர டப்பாவின் வால்வுகள்

அத்தானுக்கு ஹெட்ஃபோன் கடையில் ‘பொன்காது’ என்று பெயர். ஞாயிறு மதியம் கடையின் பின்னறையில் கூடும் கூட்டத்துக்கு அவர்தான் நாட்டாமை. ஆம்ப்ளிஃபயரில், அந்தக் கால ரேடியோவுக்குள் எரியுமே, அந்தக் கண்ணாடி வால்வுகளை மாற்றி மாற்றிச் செருகிக் கேட்டு, இது இனிமை, இது கரகரப்பு என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. வீட்டில் அவர் பாட்டுக் கேட்கும்போது அக்கா மிக்ஸிகூடப் போடக் கூடாது.

அக்காவின் தங்கை, லிஃப்ட் கம்பெனி இன்ஜினீயர், போன வருடம் தன் கையாலேயே ஓர் ஆம்ப்ளிஃபயர் செய்து அந்தப் பின்னறைக்கு எடுத்துப் போனாள். வால்வு கிடையாது, சின்னப் பெட்டி. கடைக்காரர் தன் கண்ணாடி அலமாரியில் வைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். அத்தான் காதில் மாட்டினார், உடனே கழற்றினார். “வால்வே இல்லாம என்னம்மா இது? தகர டப்பாவுல கல்லைப் போட்டு உருட்டுற மாதிரி இருக்கு.” அறையே சிரித்தது. கடைக்காரரும் கூடச் சிரித்துவிட்டு, அலமாரியில் இடமில்லை என்றார்.

அதோடு விட்டாரா மனிதர்? அன்றிலிருந்து அவள் பெயரே தகரம். கல்யாண வீடோ கருமாதி வீடோ, “எங்க நம்ம தகரம்?” என்று நுழையும்போதே கேட்பார், ஏதோ செல்லப் பெயர் மாதிரி. சொந்தக்காரக் குழந்தைகளும் ‘தகரம் சித்தி’ என்று பிடித்துக்கொண்டன. சித்தி வெளியே சிரித்தாள். உள்ளே கறுவிக்கொண்டே இருந்தாள்.

கறுவலில்தான் இந்தப் புதுப் பெட்டி பிறந்தது. புதுசு என்றால் வெளியே இருக்கும் மரம் மட்டும்தான். உள்ளே இருந்தது அதே தகரம், ஒரு கம்பிகூட மாறவில்லை. பெட்டியின் மேல் இரண்டு வால்வு செருகும் குழிகள் வைத்தாள். வால்வுக்குள் சிவக்கிற இழைக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தாள். பாட்டு வால்வுப் பக்கமே போகாது, நேராகத் தகரத்தின் வழியே ஹெட்ஃபோனுக்குப் போய்விடும். நிஜ வால்வுப் பெட்டி சூடேறின பிறகுதான் பாடும் என்பதால், இதுவும் கொஞ்ச நேரம் ஊமையாக இருந்துவிட்டுப் பாட ஒரு டைமரும் வைத்தாள். பழி வாங்குவதென்றால் அரைகுறையாகச் செய்யக் கூடாது என்பது அவள் கட்சி.

வேலை முடிந்ததும் அத்தானுக்குப் போன் போட்டாள். “நீங்க சொன்னதுதான் சரி அத்தான். வால்வு வச்சே கட்டிட்டேன். எது பொருந்தும்னு நீங்கதான் கேட்டுச் சொல்லணும்.”

“இப்பதான் புத்தி வந்துச்சா தகரம்?” என்று அவர் குளிர்ந்து போனார்.

ஞாயிறு வந்தபோதுதான் அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. அந்தக் காது நிஜமாகவே பொன்னாக இருந்துவிட்டால்? ‘இதுல வால்வு வேலையே செய்யலையே’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், சாகும்வரை அவள் தகரம்தான். ஏமாற்றுக்காரி என்ற பட்டம் வேறு சேர்ந்துகொள்ளும்.

முதல் ஜோடியைச் செருகினாள். இழை சிவந்தது, பாட்டு வந்தது. அத்தான் முகத்தைச் சுளித்தார். “குரல் ஒல்லியா இருக்கு.” கூட்டம் தலையாட்டியது. அடுத்த ஜோடிக்கு, “அடி நல்லா இருக்கு, மேல போர்வை போத்தின மாதிரி இருக்கு” என்றார். கடைக்காரரும் இன்னொரு ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டு, “ஆமா, போர்வை” என்றார். எரிகிற வால்வில் பாட்டும் போகிறதா என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவளுக்கு மூச்சு திரும்பி வந்தது.

கடைசியாக அத்தான் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். பஞ்சுக்குள் அவருடைய பொக்கிஷ ஜோடி படுத்திருந்தது. யார் பெட்டியிலும் அவர் போடவிடாத வால்வுகள். அவரே செருகினார். பாட்டு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

“அடடா! பாடுறவ எதிர்ல வந்து உக்காந்துட்டா.”

அவள் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ஒரு வால்வைப் பிடுங்கினாள். பிறகு மற்றதையும் பிடுங்கினாள். இன்னொரு ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் வாயைப் பிளந்தார். பாட்டு நிற்கவில்லை.

“அந்த மூச்சு கேக்குதா?” அத்தான் தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். “இதெல்லாம் என் வால்வு குடுக்கிறது. தகரத்துல வராது.”

யாரோ அடக்க முடியாமல் ‘க்ளுக்’ என்றார்கள். அத்தான் கண்ணைத் திறந்தார். அவருடைய பொக்கிஷம் மச்சினியின் உள்ளங்கையில், கைக்குட்டைமேல் இருந்தது. காதில் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

“உள்ள இருக்கிறது போன வருஷத்துத் தகர டப்பாதான் அத்தான்,” என்றாள் அவள். “கல்லு உருளுற சத்தம் ஏதாவது கேட்டுச்சா?”

அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தார். வால்வுகளைக்கூட வாங்கிக்கொள்ளாமல் எழுந்து போனார். போர்வை என்று சொன்ன கடைக்காரர் யார் முகத்தையும் பார்க்காமல் அலமாரியில் இடம் ஒதுக்க ஆரம்பித்தார். அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஒரு வருடத்துச் சிரிப்பை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தனியாகச் சிரித்தாள்.

மறுநாள் அக்கா கூப்பிட்டாள். “என்னடி பண்ணி வச்ச அந்த மனுஷனை?”

“ஏன்க்கா?”

“ஹெட்ஃபோனத் தொடவே இல்ல. சாப்பிட உக்காந்தவரு, உப்பு சரியா இருக்கான்னு என்னைக் கேக்குறாருடி. அவரு! என்னை!”

சின்னவளுக்குச் சுருக்கென்றது. அவமானப்படுத்தத்தான் நினைத்தாள், ஆளையே உடைக்க நினைக்கவில்லை. “கொஞ்சம் அதிகமாப் போயிட்டேன்க்கா. நான் வேணா அத்தான்கிட்ட மன்னிப்புக் கேட்டு…”

“கேட்டேன்னா பல்லை உடைச்சிடுவேன்,” என்றாள் அக்கா. “கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் போடுற உப்புக்கு மார்க் போட்டுக்கிட்டு இருந்த மனுஷன்டி. இன்னைக்குத்தான் எனக்கும் நாக்கு இருக்குன்னு தெரிஞ்சிருக்கு. கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டும்.”

“இப்ப என்ன பண்றாரு?”

“கூடத்துல உக்காந்திருக்காரு. இரு, கொஞ்சம் வேலை இருக்கு.”

போனை வைக்காமலே அக்கா மிக்ஸியைப் போட்டாள். அது வெகுநேரம் ஓடியது. உள்ளே அரைக்க ஒன்றும் இல்லாத சத்தம் அது என்று தங்கைக்குக் கேட்ட உடனே தெரிந்தது.