நாலாவது மூலை

விஷால் சுடோகு போடுவதைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அவன் பக்கத்து மேசையில் வந்து உட்கார்ந்தாலே காலையில் சாப்பிட்டது தொண்டை வரைக்கும் வந்து நிற்கும்.

முதலில் பென்சிலின் பின்பக்கத்தைக் கடிப்பான். ரப்பரைத் தேய்த்துத் தேய்த்து, அந்த அழுக்குத் தூளை வாயால் ஊதி என் தாளின் மேல் அனுப்புவான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அவன் போடும் விதம். ஒரு கட்டத்தில் மூன்றும் வரலாம், எட்டும் வரலாம் என்றால், எது என்று யோசிக்க மாட்டான். மூன்றைக் குத்துவான். அதை நம்பி மடமடவென்று நிரப்பிக்கொண்டே போவான். ஒரு வரிசையிலோ நெடுவரிசையிலோ சிறு சதுரத்திலோ ஒரே எண் இரண்டுமுறை வரக்கூடாது என்பதுதான் விதி. எங்கேயாவது ஒரே வரிசையில் இரண்டு ஆறு வந்து முட்டிக்கொண்டால், ‘ச்சு’ என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் அழித்து, எட்டைக் குத்துவான். மூளை என்று ஒன்று தலைக்குள் இருப்பதே அவனுக்குத் தெரியாதோ என்று தோன்றும்.

நான் அப்படிப் போடுகிறவள் இல்லை. கடினமான புதிர் என்றால் பத்துப் பதினைந்து எண்களுக்குப் பிறகு கல்லைப் போல நின்றுவிடும். அப்போது காலியாக இருக்கும் ஒவ்வொரு கட்டத்திலும், அதில் வரக்கூடிய எண்களைப் பொடியாக எழுதிவைத்துக்கொண்டு உற்றுப் பார்க்க வேண்டும். நான்கு என்ற எண் இரண்டு வரிசைகளில் அதே இரண்டு இடங்களில்தான் வர முடியும் என்று கண்டுபிடித்தால், அந்த இரண்டு நெடுவரிசைகளிலும் மற்ற இடங்களிலிருந்து நான்கைத் துரத்திவிடலாம். எக்ஸ்-விங் என்பார்கள். அது கண்ணில் பட்ட நொடியில் எனக்கு வரும் சந்தோஷத்தை ஜாகிரிடம் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் நல்ல மனிதர், தலையாட்டுவார். நான் எழுதும் ஒவ்வொரு எண்ணுக்கும் என்னிடம் காரணம் இருக்கும். காரணமில்லாத எண்ணை என் கை எழுதாது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்பத்தூரில் நான் கணக்குப் பார்க்கும் கம்பெனிக்குப் பக்கம்தான் மேனாம்பேடு. அங்கே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தள ஹாலில் எங்கள் சுடோகு வட்டம் ஞாயிறுதோறும் கூடும். நடத்துகிறவர் வீரராகவன் சார். வங்கியில் மேலாளர், அந்தக் குடியிருப்புச் சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். அவருக்கு இரண்டு கொள்கைகள் உண்டு. ஒன்று, குத்துமதிப்பாக எண் போடுவது ஈனச் செயல். இரண்டு, வட்டத்தின் புதிரைக் கம்ப்யூட்டர் தொடக்கூடாது. மனிதன் உருவாக்கி, மனிதன் போட்டுச் சரிபார்த்த புதிர்தான் புதிர் என்பார். நாங்கள் எல்லோரும் அதற்குப் பெருமையாகத் தலையாட்டியிருக்கிறோம்.

பூனாவில் நடக்கும் தேசியப் போட்டிக்கு வருடத்துக்கு ஒருவரை வட்டம் அனுப்பும். ஒரே ஒரு இடம். போன இரண்டு வருடமும் விஷால் முதலில் வந்தான், நான் இரண்டாவது. கடித்த பென்சிலும் அழித்த தாளுமாக அவன் போய்விட்டு வந்து, பூனாவில் வெயில் கம்மி என்று சொன்னான். அங்கே என்ன மாதிரிப் புதிர் கொடுத்தார்கள் என்று கேட்டேன். ஞாபகம் இல்லையாம். நான் அந்த நாற்காலியில் ஒருமுறை உட்கார வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பது பூந்தமல்லியில் எங்கள் தெருவுக்கே தெரியும். பால்காரர் கூடக் கேட்பார்.

இந்த வருட இறுதிச் சுற்றுக்கு வீரராகவன் சார் தன் கையாலேயே ஒரு புதிர் செய்திருந்தார். குத்திப் பார்க்கிறவன் குத்திக்கொண்டே செத்துப்போவான் என்று என்னிடம் ரகசியமாகச் சொல்லிச் சிரித்தார். விதி பழையதுதான். முழுத் தாளைக் கொடுக்க வேண்டாம். போட்டு முடித்ததும் ஐந்தாம் வரிசையின் ஒன்பது எண்களை ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். சாரிடம் இருக்கும் விடையோடு ஒத்துப்போகிற முதல் சீட்டுக்குத்தான் பூனா.

புதிர் அருமையாக இருந்தது. இரண்டு எக்ஸ்-விங் தாண்டி, ஒரு கட்டம் அடுத்ததைத் தீர்மானிக்கும் நீளமான சங்கிலி ஒன்றைத் தாண்டி, பிறகு சுத்தமாக நின்றுவிட்டது. பக்கத்தில் விஷால் சமோசாவைத் தின்றுகொண்டே அழித்துக்கொண்டிருந்தான். எண்ணெய்க் கட்டைவிரல் தாளில் பதிந்து கட்டங்கள் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தன. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

நாங்கள் அதை நாலு மூலை என்போம். இரண்டு சிறு சதுரங்களுக்குள் அடங்கிய ஒரு செவ்வகத்தின் மூலைகள் போல நான்கு கட்டங்கள். மூன்று மூலைகளில் இரண்டோ ஏழோதான் வர முடியும். நாலாவது மூலையில் இரண்டு, ஏழு, கூடவே ஐந்தும் வரலாம். நாலாவதிலும் இரண்டோ ஏழோ வந்துவிட்டால், நான்கு மூலைகளிலும் இரண்டையும் ஏழையும் இடம் மாற்றிப் போட்டாலும் ஒரு விதியும் மீறாது. அப்படியென்றால் புதிருக்கு இரண்டு விடை ஆகிவிடும். சுடோகுவுக்கு ஒரே விடைதான் உண்டு. ஆகவே நாலாவது மூலையில் ஐந்து. பார்க்கப் பார்க்க அழகான வழி. ஐந்தை எழுதினேன். மீதியெல்லாம் மளமளவென்று விழுந்துவிட்டது.

ஆனால் நான் நிமிர்ந்தபோது விஷாலின் சீட்டு ஏற்கெனவே சாரின் மேசையில் இருந்தது. என் சீட்டை அதற்குக் கீழே வைத்தேன். அழுகை வந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. சார் அவன் சீட்டை எடுத்தார், விடையோடு வைத்துப் பார்த்தார், சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். பிறகு என் பெயரைச் சொன்னார்.

எல்லோரும் கை தட்டினார்கள். விஷாலும் தட்டினான். எங்கேயோ தப்பாகக் குத்திவிட்டேன் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு, தன் தாளால் கையில் இருந்த சமோசா எண்ணெயைத் துடைத்து, கசக்கித் தேநீர்க் கோப்பைகள் கிடந்த கூடைக்குள் போட்டான். தப்பு எங்கே என்று பார்க்கக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு. தன் எண்களை நம்பாத ஒருவன்தான் அப்படிச் செய்வான்.

சார் பலகையில் புதிரைப் போட்டு விளக்கினார். நாலு மூலைக்கு வந்ததும் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். நானும் புன்னகைத்தேன். அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். எனக்கு அந்தப் புத்தி கிடையாது. அவன் குத்திய எந்த எண் அவனைக் கவிழ்த்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும், தெரிந்து ரசிக்க வேண்டும். எல்லோரும் வெளியே போனதும் கூடைக்குள் கையை விட்டேன். சட்னியும் டீயும் ஊறிய அந்தத் தாளை இரண்டு விரலால் தூக்கினேன். மேசையில் விரித்து, ஒரே வரிசையில் இரண்டுமுறை வந்த எண்ணைத் தேடினேன்.

கிடைக்கவில்லை. நெடுவரிசையாகப் பார்த்தேன். சிறு சதுரங்களாகப் பார்த்தேன். அச்சிட்ட எண்கள் மேல் ஏதாவது எழுதியிருக்கிறானா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நாலு மூலைகளில் இரண்டு, ஏழு, ஏழு, இரண்டு என்று இருந்தது. என் தாளிலிருந்து பாதிக்கு மேல் வேறாக இருந்தது. ஆனாலும் அவன் தாள் முழுச்சரி.

அந்தப் புதிருக்கு விடை ஒன்றல்ல. என்னுடையது ஒன்று, அவனுடையது ஒன்று, அவனுடையதில் இரண்டையும் ஏழையும் மாற்றிப் போட்டால் இன்னொன்று.

சார் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாளை அவர் முன்னால் வைத்தேன்.

“சார், இந்தப் புதிருக்கு ஒரே விடைதான்னு எப்படிச் சரிபார்த்தீங்க?”

“நானே மூணு தடவை போட்டுப் பாத்தேன்மா. மூணு தடவையும் ஒரே விடைதான் வந்தது.”

“மூணு தடவையும் நாலு மூலையை வச்சா?”

ஆமாம் என்றார், சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஒரே விடை இருக்கிறதா என்று சோதிக்க, ஒரே விடைதான் இருக்கிறது என்பதை வைத்தே போட்டிருக்கிறார். வருடக்கணக்காகப் பிறர் செய்த புதிர்களை அந்த வழியில் போட்டுப் பழகிய கை, சொந்தப் புதிரிலும் அதையே செய்துவிட்டது. அவர் விஷாலின் தாளை ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அவனே தூக்கிப் போட்டுட்டான். நீ எதுக்கும்மா எடுத்தே? நியாயமா பாத்தா நீதான் போகணும். அவன் போட்டது குருட்டாம்போக்கு, நீ போட்டது தர்க்கம்.”

இரண்டு வருடமாக நானே சொல்லிக்கொண்டிருந்த வசனம் அது. அவர் வாயிலிருந்து வந்தபோது கெட்டுப்போன பாலைக் குடித்தது போல இருந்தது. அதைவிட அசிங்கம், ஒரு நிமிடம் நான் சம்மதித்துவிட்டேன். அவரிடமிருந்து வாங்கிய அந்தத் தாளை மறுபடியும் கசக்கக் கை மடங்கியது. பூனா, அந்த நாற்காலி, தெருவில் பால்காரர், எல்லாம் வந்துபோனது. சார் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படி ஆவலோடு பார்த்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. தாளோடு வெளியே நடந்தேன்.

விஷால் வாசல் கேட் அருகே வண்டியில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். தாளை நீட்டினேன். உன்னுடையது சரி, நீதான் முதலில் கொடுத்தாய், பூனாவுக்கு நீதான் போக வேண்டும் என்றேன். சொல்லும்போது என் குரல் யாருடையதோ போல இருந்தது. அவனுக்குப் புரியவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, அதெப்படி இரண்டு விடை வரும் என்று கேட்டான். விளக்கினேன். எக்ஸ்-விங், சங்கிலி, நாலு மூலை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். முதல் தடவையாக ஒழுங்காகக் காது கொடுத்துக் கேட்டான். நாலாவது மூலைக்கு வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினான்.

“இரு அக்கா. அந்த அஞ்ச இன்னா வச்சு போட்ட?”

“ஒரே விடைதான் இருக்கணும். அதனால அஞ்சு.”

“ஒன்னுதான் கீதுன்னு யாரு சொன்னா?”

வீரராகவன் சார் செய்த புதிர், அதனால் இருக்கும் என்று நினைத்தேன் என்றேன்.

அவன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கிண்டல் எதுவும் இல்லை முகத்தில். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவன் போலத்தான் கேட்டான்.

“அப்ப நீயும் குத்துனதுதானேக்கா?”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த ஐந்துக்கு ஒரு காரணம் தேடினேன்.