மணிக்கு ஒரு சாண்

எங்கள் ஊர் மலை ஆண்டுக்கு மூன்று அடி மேற்கே நகரும். வீட்டுக்கு வீடு முறை வைத்து டீசல் பிக்கப்பால் அதை இழுத்துப் பழைய இடத்தில் நிறுத்த வேண்டும். நான் பத்தொன்பது ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்ததால் எங்கள் வீட்டு முறை மூன்று தடவை தவறிப்போயிருந்தது. வேறு சிலரும் தவறவிட்டிருந்தார்கள். சித்திரையில் நான் ஊர் திரும்பியபோது மலையின் மேற்கு அடிவாரத்துக்கும் வாய்க்காலுக்கும் நடுவே பதினோரு அடிதான் மீதம் இருந்தது.

வாய்க்காலைத் தாண்டிவிட்டால் மலை அந்தப் பக்கத்து ஊருடையது. மலைமேல் குடியிருப்பவர்களும் அந்தப் பக்கத்து ஆட்களுக்கு உறவாகிவிடுவார்கள். எங்கள் மலைமேல் ஒரே ஒரு வீடு இருந்தது. அதில் என் தங்கை தமயந்தி ஒரு தையல் மிஷினோடும் ஆறு ஆடுகளோடும் இருந்தாள்.

இறங்கி வந்துவிடச் சொல்லி அவளுக்குப் போன் செய்தேன்.

"நான் மட்டும் எறங்கி என்னண்ணா பண்றது? ரேசன் கார்டுல அட்ரஸ் மலைன்னுதான இருக்குது. கார்டு எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம்தான் ஆளும் போகோணும்" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். பழைய வெள்ளை பிக்கப் ஒன்றை வாங்கினேன். மூன்று வாரம் வேறு வேலை எதுவும் பார்க்காமல், அதில் என்னென்ன மாட்டலாம் என்று படித்தேன். எந்த டர்போ எத்தனை சுற்றில் காற்றைத் தள்ளும், இன்டர்கூலர் எவ்வளவு சூட்டைக் குறைக்கும், எத்தனை அங்குல சைலன்சர் புகையைத் தங்கவிடாமல் வெளியேற்றும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம் ஆயிற்று. வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் ரங்கநாயகியின் கடைக்குப் போனேன்.

ரங்கநாயகிக்கு என் வயதுதான் இருக்கும். புடவைமேல் ஆண்கள் சட்டை போட்டுக்கொண்டு ஒரு கிளட்ச் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பழைய டயர் அடுக்கின்மேல் சம்பத் உட்கார்ந்திருந்தார். தோட்டத்தில் தக்காளி போட்டுச் சந்தையில் விற்கிறவர். எனக்குத் தூரத்து மாமன் முறை.

ரங்கநாயகி தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். "எல்லாமே கடையில இருக்குதுங்ணா. மலைக்கு என்ன வேணும்னு கேட்டீங்களா?"

"மாட்டப்போவது வண்டிக்குத்தானே?"

"அதுவும் சரிதானுங்க" என்று ஏணியை எடுக்கப் போனார்.

"போடும்மா, போடு. மாப்ள ஃபாரின்ல இருந்து வந்திருக்கறாரு. மலை எந்திரிச்சு நின்னு சல்யூட் அடிக்கும் பாரு" என்றார் சம்பத்.

"உங்கள் முறைக்கு நீங்கள் என்ன போட்டீர்கள்?" என்று கேட்டேன்.

"டர்போதான். இதைய விட ஒரு சைசு சின்னது."

அந்த ஒரு சைஸ் வித்தியாசமே நான் தைரியமாக இருக்கப் போதுமானதாக இருந்தது.

எங்கள் ஊருக்கு முன்பு இரண்டு மலைகள் இருந்தன. சின்ன மலை சம்பத்தின் முறையில்தான் வாய்க்காலைத் தாண்டியது. அதன்மேல் அவருடைய அண்ணன் குடியிருந்தார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமைச் சந்தையில் அந்த அண்ணன் சம்பத்தின் கடைக்கு வந்து, "தக்காளி எப்படிங்க?" என்று கேட்டாராம். சம்பத் நிறுத்துப் போட்டு, மேலே இரண்டு பழமும் வைத்துக் கொடுத்திருக்கிறார். "ரொம்ப தேங்க்ஸுங்க. நீங்க எந்த ஊரு?" என்று அவர் கேட்டிருக்கிறார். அந்தப் பக்கத்தில் அந்த அண்ணனுக்கு இப்போது வேறொரு தம்பி இருக்கிறார். தங்கமான மனிதர் என்று சம்பத்தே சொல்வார்.

வேலை முடிய ஆறு நாள் ஆயிற்று. ஏழாம் நாள் காலையில் வண்டியைக் கிழக்கு நோக்கி நிறுத்தி, பின்னால் பொருத்திய வின்ச் உருளையின் இரும்பு வடத்தை மலை அடிவாரத்து வளையத்தில் மாட்டினேன். ஆக்சிலேட்டரை மிதித்ததும் வண்டி அலறியது. கறுப்புப் புகை கிளம்பவும், துணி காயப்போட்டிருந்தவர்கள் ஓடிவந்து எடுத்துக்கொண்டார்கள். மலை, கழுத்துக் கயிற்றை யாரோ சுண்டியிழுத்த ஆட்டைப் போல, நான்கு பக்கமும் அழுத்தி ஊன்றிக்கொண்டது. நான் இன்னும் மிதித்தேன். அது ஒரே எட்டாகப் பின்வாங்கியது. வாய்க்காலில் பொலபொலவென்று மண் விழும் சத்தம் கேட்டது.

இறங்கிப் போய் அளந்தேன். ஏழு அடி இருந்தது.

அன்று சாயங்காலம் தமயந்திக்குப் போன் செய்தேன்.

"யாருங்க பேசறது?"

"நான்தான்."

"நான்தான்னா? குரல் தெரிஞ்ச குரலாத்தான் இருக்குது. பேருதான் வர மாட்டேங்குது." கொஞ்ச நேரம் ஆடுகளின் சத்தம் மட்டும் கேட்டது. "அட, அண்ணா! இங்க ஆட்டம் கண்டதுல தலை கிறுகிறுன்னு இருக்குது. வேற ஒண்ணுமில்லைங்க. சாப்டீங்களா?"

சாப்பிட்டேன் என்று சொன்னேன்.

"சரிங்க சார், வெச்சர்றேன்" என்றாள்.

மறுநாள் நான் கடைக்குப் போவதற்குள் ரங்கநாயகி கழற்றுவதற்கு வேண்டிய ஸ்பேனர்களை வரிசையாக எடுத்து வைத்திருந்தார். சம்பத் டயர் அடுக்கில் நகர்ந்து எனக்கும் இடம் விட்டார்.

"புல்லிங் ஏத்திட்டுப் போனா அது வராதுங்ணா. இழுக்கறது அதுக்குத் தெரியவே கூடாது. உள்ற வாங்க" என்றார் ரங்கநாயகி.

கடைக்குப் பின்னால் ஓர் அறை இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. அங்கே மெதுவாக்கும் சாமான்கள் இருந்தன. சுவர் நெடுக மரப்பலகைகளில் கியர்கள் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றப்பட்டிருந்தன. மணிக்கு ஒரு மைல், மணிக்கு ஒரு முழம், மணிக்கு ஒரு சாண், மணிக்கு நான்கு விரல் என்று கீழே போகப்போகப் பல்சக்கரங்கள் பெரிதாகிக்கொண்டே போயின. கடைசித் தட்டில் இருந்தவை என் இடுப்பு உயரம் இருந்தன. அந்த அறையில் நான் இயல்பாகவே குரலைத் தாழ்த்தினேன்.

"நாலு விரல் நல்லதா?"

"நல்லதுதானுங்க. ஆனா அதைய மாட்டிக்கிட்டுப் போனவரு இன்னும் கடை வாசலைத் தாண்டல."

சன்னல் வழியாகப் பார்த்தேன். வாசலில் ஒரு நீலநிற பிக்கப் நின்றிருந்தது. நிற்கவில்லை, போய்க்கொண்டிருந்தது. உள்ளே ஒருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி கதவருகே வந்து டிபன் கேரியரைக் கொடுத்துவிட்டு, "சாயங்காலம் லேட்டாகுமா?" என்று கேட்டார். அவர் முன்னால் இருந்த சாலையைப் பார்த்து யோசித்தார்.

ஒரு சாண் கியரையே எடுத்துக்கொண்டேன்.

பின் சக்கரங்களின் வில்பட்டைகளில் பக்கத்துக்கு மூன்று கூடுதலாகச் சேர்த்தார் ரங்கநாயகி. வண்டி குலுங்கினால் மலைக்குத் தெரிந்துவிடும். இரும்பு வடத்தைக் கழற்றிவிட்டு, தேருக்குக் கட்டுகிற மாதிரி என் தொடைப் பருமனில் ஒரு நார் வடம் கொடுத்தார். "இரும்பு நம்ம மனசுல இருக்கறதையெல்லாம் அப்படியே கொண்டுபோய் அங்க சொல்லீருமுங்க. நாரு பாதியைத் தானே வெச்சுக்கும்."

சைலன்சர் தேர்ந்தெடுக்கத்தான் அரை நாள் ஆயிற்று. ஒவ்வொன்றாக மாட்டிக் கேட்டோம். ஒன்று இருமியது. ஒன்று அதட்டியது. ஒன்று கெஞ்சுவது போல இருந்தது. சம்பத், "இது நம்மளுக்கு ஆகாது மாப்ள, பாக்கறவங்களுக்கே சங்கடமா இருக்குது" என்றார். நீளமான, வளைவு நிறைந்த ஒன்றை மாட்டியபோது, இன்ஜின் எங்கள் முன்னால் ஓடிக்கொண்டிருக்க, சத்தம் மட்டும் எங்கோ தெற்கே கேட்டது.

"இது வேற ரோட்டுல போற வண்டி" என்றார் ரங்கநாயகி. நாங்கள் மூவரும் சற்று நேரம் அது போவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கடைசியாக, இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் கழற்றி, கண்ணாடி பதிக்காத வெறும் சட்டங்களைப் பொருத்தினார். "திரும்பிப் பாத்தா நின்னுக்கும். அது பொறவு ரெண்டு தலைமுறைக்கு நகராது. வருதா வரலியாங்கறதை முன்னால இருக்கறதை வெச்சுத்தான் நீங்க தெரிஞ்சுக்கோணும்."

"எப்படித் தெரியும்?"

"தெரியுமுங்ணா."

புதன்கிழமை விடியலில் வடத்தை மாட்டிக் கிளம்பினேன். கிளம்பியதாக எனக்குத் தெரியவில்லை. கியர் விழுந்தது, தெற்கே எங்கோ ஒரு வண்டி போனது, எனக்கு முன்னால் இருந்த ஒரு புளியங்கன்று இருந்த இடத்திலேயே இருந்தது. சம்பத் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். பத்து மணிக்கு இறங்கித் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டு வந்தார். மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு வந்து, கதவைத் திறந்து, "என்ன மாப்ள, இப்படிப் பறக்கறீங்க?" என்றார். புளியங்கன்று முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்திருந்தது. டீசல் தீரும்போது ஓடுகிற வண்டிக்குக் கேனில் கொண்டுவந்து ஊற்றினார். இருட்டியதும் வண்டியை நிறுத்தச் சொல்லி, திரும்பிப் பாராமல் பின்புறமாகவே நடந்துபோய் மலைக்கு முட்டுக்கட்டை வைத்தார்.

சூரியன் மேற்கே இறங்கும்போது மலையின் நிழல் ஊர்மேல் நீளும். நிழலின் நுனி எங்கே தொடுகிறது என்று ரங்கநாயகி தினமும் ஐந்து மணிக்குக் கடைக்கு வெளியே வந்து பார்ப்பார். முதல் நாள் பேருந்து நிறுத்தத்தின் மேற்குத் தூணில் இருந்தது. இரண்டாம் நாள் தூணைத் தாண்டி சிமெண்டுப் பலகைக்கு வந்தது. அங்கே பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்து அதற்கு இடம் கொடுத்தார்கள்.

அன்றைக்கு சாயங்காலம் தமயந்தி போனில், "சார், இங்க கிணத்துத் தண்ணி ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது. நீங்க பஞ்சாயத்து ஆளுங்களா?" என்று கேட்டாள். இழுக்கிறேன் என்பதை நான் சொல்லவில்லை. மலைக்குக் கேட்டுவிடலாம். ஆமாம் என்றேன். "பாத்துப் பண்ணுங்க சார். ஆடுக மெரளாம இருக்கோணும்" என்றாள். மலை பழைய இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் மறந்தது திரும்பும், அதுவும் திரும்பினால்தான் என்று ரங்கநாயகி சொல்லியிருந்தார்.

மூன்றாம் நாள்தான் மலை வருவதை உணர்ந்தேன். முதலில் மண்ணுக்கடியில் ஒரு முணுமுணுப்பு. பூமிக்குள் இருக்கும் ஊற்றுகள் தாங்கள் போகவேண்டிய வழியை ஒன்றையொன்று கேட்டுக்கொண்டன என்று நினைக்கிறேன். பிறகு வெயிலில் குளிர்ந்த காற்று என் பிடரியில் பட்டது. மிகப் பெரிய ஒன்று மூக்கின் வழியாக நிதானமாக மூச்சு விடுவதைப் போல இருந்தது. மலைமேல் இருந்த பருந்துகள் தங்கள் வட்டத்தைக் கலைக்காமல் வட்டத்தோடு நகர்ந்து வந்து, என் முன் கண்ணாடியின் மேல்விளிம்பில் தெரிந்தன. ஸ்டீயரிங்கை இன்னும் லேசாகப் பிடித்தேன். வண்டி குலுங்கவில்லை. சம்பத் தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

மதியத்துக்கு மேல் வடம் தொய்ந்தது. அறுந்துவிட்டதென்று நினைத்தேன். அறுந்திருந்தால் வண்டி முன்னால் துள்ளியிருக்கும். துள்ளவில்லை. நான் இழுப்பதற்கு முன்பே அது காலெடுத்து வைக்கத் தொடங்கியிருந்தது. அதன்பிறகு நான் வடத்தின் ஒரு முனையை வைத்திருந்தேன், அவ்வளவுதான். எதிரே மிதிவண்டியில் வந்தவர்கள் இறங்கி, ஓரமாக நின்று, எனக்குப் பின்னால் உயரே பார்த்தார்கள். அவர்கள் முகங்கள் மெல்ல மெல்ல மேல்நோக்கித் திரும்புவதை வைத்து அதன் உயரத்தைத் தெரிந்துகொண்டேன்.

நான்காம் நாள் தமயந்தியின் போன் வரவில்லை. நான் செய்தபோது, அப்படி ஓர் எண் இல்லை என்று ஒரு பெண் மூன்று மொழிகளில் சொன்னாள்.

"ஏழு அடி இருக்கறப்பவே உங்க தங்கச்சி சார்னு சொல்லீருச்சு. எங்கண்ணன் ரெண்டு அடி இருக்கறவரைக்கும் என்னைய டேய்னுதான் கூப்பிட்டான்" என்றார் சம்பத். பிறகு, சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியதோ என்னவோ, வண்டி தரையைத் துண்டால் துடைத்தார்.

"திரும்பிப் பார்க்கட்டுமா?" என்றேன்.

"பாத்தீங்க, கழுத்தை ஒடிச்சுப் போடுவேன் மாப்ள."

ஐந்தாம் நாள் மலையின் பழைய இடத்தில் கட்டியிருந்த வாலிபால் வலையை ஆட்டக்காரர்கள் அவிழ்த்து எடுத்துக்கொண்டார்கள். ஆட்டத்தில் தோற்றுக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். ஐந்து மணிக்கு நிழலின் நுனி சாலையைக் கடந்து ரங்கநாயகியின் கடைப் படியில் ஏறியது. அவர் கையைத் தூக்கினார். என் முதுகுக்குப் பின்னால், ஆண்டுக்கணக்கில் வெறுமையாகக் கிடந்த பள்ளத்தில் மலை உட்கார்ந்தது. ஊரில் இருந்த அத்தனை பாத்திரங்களும் ஒருமுறை மெல்ல ஒலித்து அடங்கின.

இன்ஜினை அணைத்து, இறங்கி, திரும்பிப் பார்த்தேன். நான் சிறுவயதில் பார்த்ததைவிட அது பெரியதாக இருந்தது. பார்வை உச்சிக்குப் போய்ச் சேருவதற்கே நேரம் பிடித்தது.

மலைப் படிகளில் தமயந்தி இறங்கி வந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. என்னைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். என்னைத் தாண்டிப் போய்ப் பின்சக்கரத்தைக் காலால் ஒருமுறை தட்டினாள். கண்ணாடி இல்லாத சட்டத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். சம்பத் தலைத்துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். வண்டி யாருடையது என்று அவள் கேட்டால் என்ன பதில் சொல்வதென்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"ஏண்ணா, பத்தொம்பது வருசம் கழிச்சு வர்றீங்க. வர்றதுதான் வர்றீங்க, கொஞ்சம் வெரசா வரக் கூடாதா?" என்றாள்.

சம்பத் சத்தமாகச் சிரித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, முட்டுக்கட்டையை எடுக்கவேண்டும் என்று அந்தப் பக்கமாகப் போனார்.

அப்போதுதான் சத்தத்தைக் கவனித்தேன். நான் அணைத்த பிறகும் டீசல் இன்ஜின் ஓடும் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. தெற்கேயிருந்து வரவில்லை. வண்டியின் இன்ஜின் மூடியில் கைவைத்தேன், அசைவில்லை. மலையின் அடிவாரப் பாறையில் கைவைத்தேன். கதகதப்பாக, லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.

தமயந்தியும் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்து, அதில் ஒரு சாவியைத் தேடிப் பிரித்தாள்.

"இருங்கண்ணா, ரெண்டு நிமிசம். மேல போயி அணைச்சுட்டு வந்தர்றேன்" என்று படியேறினாள்.

கொஞ்ச நேரத்தில் மலை ஒருமுறை குலுங்கி அணைந்தது. பருந்துகள் கீழே இறங்கி உட்கார்ந்தன.