கண்ணுக்கு வைத்த தண்ணீர்

விடியும்போதே மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரைக் கொட்டிலில் காஸ்டிக் சோடாக் காரம் கொதிக்கத் தொடங்கிவிடும். இறக்குமதி நின்றுபோன காலம். வயிற்றெரிச்சல் மாத்திரைக்கான அலுமினியம் ஐதரொட்சைட்டை உருத்திரமூர்த்தி முதலாளி இங்கேயே செய்தார். அதாவது, நாங்கள் செய்தோம். ஓட்டைச் சட்டிகளைக் காரத்தில் கரைத்து, வடித்து, அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் வெள்ளைக் கூழ் திரளும். அமிலம் கூடினால் திரண்ட கூழும் கரைந்துபோகும். பிறகு காரத்தின் வழுக்கல் போகும்வரை கழுவ வேண்டும். மழையில்லாத அந்த வருடம், தொட்டித் தண்ணீர் கூழுக்கு மட்டும்தான் என்று, கழுவும் நேரம் தவிர முதலாளி குழாயைப் பூட்டியே வைத்திருந்தார். எங்கள் தோல் உரிந்தால் யாருக்கு என்ன?

அன்று சட்டிகளுக்குப் பதிலாகத் தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் அலுமினியத் தாள் மூட்டையாக வந்தது.

"மெல்லிசுதானே, சீக்கிரம் கரையும். மொத்தமாக் கொட்டுங்க," என்று சொல்லிவிட்டு முதலாளி மாத்தளைக்குப் போய்விட்டார்.

எங்களில் நூருன்னிஸாதான் காரப் பீப்பாய்க்குள் கொட்டினாள். சீக்கிரம் கரைந்தது உண்மைதான். பீப்பாய் பொங்கி அவள் முகத்தில் அடித்தது.

"அல்லாஹ்வே, கண்ணு!"

குழாய்க்கு ஓடினோம். பூட்டு. சாவி முதலாளியோடு போயிருந்தது. எங்களோடு வேலை செய்த அழகமுத்து அண்ணன் கீழ் வீட்டுக் கிணற்றிலிருந்து வாளியோடு வருவதற்குள் அவளுடைய இடது கண் வெளிறிவிட்டது. கையைப் பிசைந்துகொண்டு அழத்தான் எங்களால் முடிந்தது.

மறுநாள் எங்களில் தங்கேஸ்வரிதான் கேட்டாள்: "குழாயத் தொறந்து வைங்க முதலாளி."

"தொறந்து வச்சா குளிச்சிட்டுப் போவீங்க. வேலை வேணாம்னா சொல்லுங்க, வாசல்ல ஆள் நிக்குது."

வேலை கேட்டு உண்மையிலேயே நின்றார்கள். பாண் ரொட்டிக்கே வரிசையில் நின்ற காலம் அது. வாயை மூடிக்கொண்டு கூழைக் கழுவினோம். வெட்கமாக இருந்தது.

பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டுப்போட்ட முகத்தை எங்கள் பக்கம் திருப்பி நூருன்னிஸா சொன்னாள்: "பக்கத்துல ஒரு வாளி தண்ணி இருந்திருந்தா..."

அடுத்த விடியலில் ஆளுக்கொரு வாளி கொண்டுவந்து பீப்பாயைச் சுற்றி வைத்தோம். வீட்டில் குடிக்க வைத்திருந்த தண்ணீர்.

அன்றைய கூழைக் கழுவிக்கொண்டிருக்கும்போது தொட்டி வற்றிப்போனது. முதலாளி வாளிகளைக் காட்டினார்.

"அத எடுத்து ஊத்துங்க."

தங்கேஸ்வரி தன் வாளியைக் கையால் மூடினாள். "இது கண்ணுக்கு வச்ச தண்ணி, முதலாளி. கூழுக்கு இல்ல."

"அப்ப எல்லாரும் வெளிய போங்க!"

யாரும் போகவில்லை; அவரவர் வாளிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டோம். முதலாளி வாசலில் நின்றவர்களில் ஒருவனை உள்ளே கூப்பிட்டார். பசியில் ஒட்டிப்போன முகம். அவன் வாளிகளைப் பார்த்தான்.

"இது எதுக்குண்ணே?"

அழகமுத்து அண்ணன் நூருன்னிஸாவின் கண்ணைப் பற்றிச் சொன்னார். அவன் பூட்டிய குழாயைப் பார்த்தான். பிறகு வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தான்.