காற்றில் வந்த நெட்

எகிப்தின் போர்ட் சயீதில் கப்பல் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் அலுவலகம் என்றால், நெட் இல்லாத நாளில் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஹாஜி பஹ்கத்தின் அலுவலகத்தில் மாதத்துக்கு வாங்கிய நெட் இரண்டாவது மாதமாகப் பாதியிலேயே தீர்ந்து, மறுபடி காசு கட்ட வேண்டியிருந்தது. பழி நேராகக் குமாஸ்தா ஸர்வத்தின் தலையில் விழுந்தது. கால்பந்துப் பைத்தியம், வேறென்ன சாட்சி வேண்டும்!

ஹாஜி நடு ஹாலில் நின்று மேசையைத் தட்டினார்.

"நெட்டைத் தின்னு தீக்குறவன் எவனா இருந்தாலும் சரி, நாளையிலேருந்து இந்த ஆபீஸ்ல உக்கார மாட்டான். உக்காந்தா என் பொண்டாட்டிக்குத் தலாக்!"

ஆத்திரம் வந்தால் கட்டினவளைப் பணயம் வைத்துச் சத்தியம் செய்வது அந்த ஊர் ஆண்பிள்ளைகளின் வாய்க்கொழுப்பு. மூத்த மகன் ஹிஷாமின் பெயரைச் சேர்த்து உம்மு ஹிஷாம் என்று ஊரே மரியாதையாக அழைக்கும் அந்த அம்மாள், பாவம், அந்நேரம் வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்திருப்பாள்.

நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவள் நெர்மீன். ஸர்வத் அவள் மேசைக்கு வந்து நின்றார்.

"இன்ஜினியரம்மா, அடுத்த மாசம் பொண்ணுக்கு நிக்காஹ். இப்ப வேலை போச்சுன்னா நான் செத்தேன். மேட்ச் பாக்குறேன், இல்லேங்கல. ஆனா கீழ டீக்கடையில, ஷீஷா புகை இழுத்துக்கிட்டு!"

"பதறாதீங்க அண்ணே. எந்த மெஷின் எவ்வளவு தின்னுதுன்னு இன்னிக்கே பதிவு வைக்கிறேன். நாளைக்குத் தெரிஞ்சிடும்."

மறுநாள் காலை திரையைத் திறந்தாள். நேற்றுப் பகல் முழுக்க நெட் செலவைக் காட்டும் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. ஸர்வத்தின் கணினி தின்றது கோழி கொத்தின அளவு. சாயங்காலம் கதவைப் பூட்டிய பிறகுதான் கோடு எகிறி, இந்த நிமிஷம்வரை இறங்கவேயில்லை. பூட்டிய அலுவலகத்தில் உட்கார்ந்து தின்றது யார்? பக்கத்திலேயே அந்த மெஷினின் பெயர் இருந்தது: உம்மு ஹிஷாம்.

நெர்மீன் எழுந்துபோய் ஹாஜியின் அறையை எட்டிப் பார்த்தாள். அலமாரிமேல் ஒரு பழைய போன், சார்ஜரில் செருகி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தது. மெல்லிய குரலில் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தது. அலுவலகத்தைப் பூட்டும்போது பரக்கத்துக்காக, இறையருள் தங்கட்டும் என்று, ரேடியோவில் ஓத விட்டுப் போவது ஹாஜியின் வழக்கம். ரேடியோ போன மாதம் உயிரை விட்டிருந்தது.

சொன்னால் முதலாளி மானம் போகும். சொல்லாவிட்டால் ஸர்வத்தின் பிழைப்பு போகும். அவர் அதற்குள் டீ கிளாஸையும் மகள் படத்தையும் பையில் எடுத்து வைத்துவிட்டிருந்தார். அதைப் பார்த்ததும் அவள் முடிவு செய்துவிட்டாள்.

"யாருன்னு சொல்லும்மா!" என்றார் ஹாஜி, எல்லோர் முன்னாலும்.

"ஸர்வத் அண்ணன் இல்ல, ஹாஜி. உங்க அலமாரி மேல இருக்குற போன். ராத்திரி பூரா மக்காவுலேருந்து நேரலை ஓடுது. படத்தோட."

"ரேடியோ கெட்டுப்போச்சுன்னு எங்க வீட்டம்மா குடுத்ததும்மா அது. ஓதுற சத்தம் காத்துல சும்மாதானே வருது?"

"ரேடியோவுக்குத்தான் காத்துல வரும் ஹாஜி. இது நம்ம நெட்டுல வருது."

ஹாஜியின் முகம் வெளிறியது. ஸர்வத் பழக்கதோஷத்தில் முதலாளிக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஹாஜி பாதி குனிந்தவர், சூடுபட்டாற்போலத் துள்ளி எழுந்தார்.

"அடப்பாவி! நான் உக்காந்தா எம் பொண்டாட்டி போயிடுவாளேடா!"

ஹாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஸர்வத் மட்டும் சிரிக்கவில்லை.

"ஒரு மாசமா என்னைத் திருடனைப் பாக்குற மாதிரி பாத்தீங்களே ஹாஜி. நானுந்தான் இந்த நாற்காலியில நிம்மதியா உக்காரல."

சிரிப்பு அப்படியே அடங்கியது.  ஹாஜி ஸர்வத்தின் பையை வாங்கி, டீ கிளாஸை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"தப்பு என்னோடது, மன்னிச்சிடு. பள்ளிவாசல் ஷேக்கைக் கேட்டு இந்தச் சத்தியத்துக்கு ஒரு வழி தெரியறவரைக்கும் நான் நிக்கிறேன். நீ உக்காருப்பா."

ஸர்வத் உட்கார்ந்தார்.