மதிப்பீட்டு அலுவலகத்து வெங்காயம்

கத்தி மதிப்பீட்டு அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்த வெங்காயம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆம்லெட்டில் போய்ச் சேர்ந்தது. அதுவரை அது ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை, முளை விட்டதுமில்லை. பேருந்து நிலையத்தை ஒட்டிய அந்த அலுவலகத்தில் இரண்டு மேசை, ஒரு இரும்பு பீரோ, ஒரு மதிப்பீட்டாளர் அம்மாள். அவர் ‘அசல்’ என்று முத்திரை குத்தினால்தான் ஒரு கத்தியைப் பழைய பட்டறைக் கத்தி என்று விற்கலாம். இல்லையென்றால் அது நினைவுப்பொருள் கடையில் சாவிக்கொத்துகளோடு தொங்க வேண்டியதுதான். அம்மாளுக்குத் தொழில் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. முகம் பார்க்கிற அளவுக்கு மினுமினுத்தால் சந்தேகப்பட வேண்டும், ஸ்டாண்டோடு வந்தால் இன்னும் சந்தேகப்பட வேண்டும், ஆட்டிப் பார்க்கும்போது கைப்பிடி லொடலொடத்தால் இரும்பு உள்ளே முழுசாக ஓடவில்லை, பசையில் நிற்கிறது என்று அர்த்தம். ஆனால் போலி செய்கிறவர்களுக்கும் இதெல்லாம் அத்துப்படி. நேற்றுச் செய்த கத்தியைப் புளித்த பழச்சாற்றில் ஒரு வாரம் ஊறப்போட்டுக் கிழடாக்கிக் கொண்டுவந்தார்கள். வெங்காயத்திடம் மட்டும் அவர்கள் பாச்சா பலிக்கவில்லை. அதன் கிண்ணத்துக்கு எதிரே அசல் கத்தியை வைத்தால், ஏழு எண்ணுவதற்குள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடும். அலங்காரக் கத்தி என்றால் அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும். ஒரே ஒரு முறைதான் அது வாய்விட்டுச் சிரித்தது. ஆளில்லாத ஒரு மதியம், அம்மாள் தன் வீட்டுக் கத்தியை அதன் முன் வைத்துப் பார்த்தபோது.

கல்யாணமான புதிதில் போன ஒரே உல்லாசப் பயணத்தில் அவருடைய வீட்டுக்காரர் வாங்கித் தந்த கத்தி அது. கைப்பிடியில் சிவப்புக் கண்ணாடிக் கல், அலகில் பறக்கும் குதிரை, கூடவே ஸ்டாண்ட். இருநூறு வருஷத்துக் கத்தி என்று கடைக்காரன் சொன்னதை வீட்டுக்காரர் நம்பிவிட்டார், பாவம் என்று அம்மாள் பத்தொன்பது ஆண்டுகளாக வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்காரர் வீடு வீடாகப் போய்க் குடிநீர் மீட்டர் பார்க்கிறவர். ஊரில் அவருக்குப் பெயர் கல்லு. பெற்ற தாய் போன அன்றைக்கு, வந்தவர்களின் செருப்பையெல்லாம் ஜோடி பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். மனைவிக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது மருத்துவமனையின் மீட்டரைப் படித்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷனுக்குத் தன்மேல் பிரியம் இருக்கிறதா இல்லையா என்பது அம்மாளின் மனதில் முள்ளாகக் கிடந்தது. எந்தப் போலியையும் கண்டுபிடிக்கிறவருக்கு இது மட்டும் பிடிபடவில்லை.

திங்களன்று அலுவலகத்துக்கு வெள்ளையடித்தார்கள். சுண்ணாம்பு நெடி ஆகாதென்று அம்மாள் வெங்காயத்தைக் கைப்பையில் போட்டு வந்து சமையலறை ஜன்னலில் வைத்தார். மறுநாள் காலை அவருக்குக் காய்ச்சல். கல்லு வாழ்க்கையில் முதல்முறையாக அடுப்பைப் பற்றவைத்து ஆம்லெட் போட்டார். வாய் கசக்கிறது, வேண்டாம் என்று அம்மாள் சொல்லவே, வீணாக்கக் கூடாதென்று முழுவதையும் தானே சாப்பிட்டார்.

“மட்டமான வெங்காயம். நறுக்க நறுக்கத் தண்ணியா விடுது. இனிமே அந்தக் கடையில வாங்காதே” என்றார்.

அம்மாளுக்குக் காய்ச்சல் போன இடம் தெரியவில்லை. அன்று பதினோரு மணிக்கு ஆய்வு. மேலதிகாரி மூன்று கத்திகளோடு வந்து உட்கார்ந்திருந்தார். அம்மாள் வேறொரு வெங்காயத்தைக் கிண்ணத்தில் வைத்து, நடப்பது நடக்கட்டும் என்று தொடங்கினார். இரண்டாவது கத்தியை மேசையில் வைத்தபோது, காய்ச்சல் மாத்திரையோடு வாசலில் நின்ற கல்லுவின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அம்மாள் இன்னும் ஏழு எண்ணி முடிக்கவில்லை. மற்ற இரண்டுக்கும் அந்த முகம் காய்ந்தே கிடந்தது. மூன்று முடிவும் சரி. நடந்ததை விசாரித்த மேலதிகாரி, இறந்த வெங்காயத்தின் பணியிடத்தைக் கல்லுவுக்கு மாற்றி அங்கேயே கையெழுத்துப் போட்டார். கிண்ணத்துக்குப் பதில் நாற்காலி தரலாம் என்றும் எழுதினார்.

நான்கு ஆண்டுகள் கல்லு அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். இறைச்சி வெட்டுகிற கத்திக்கு அழுதார், முனை மழுங்கிய பேனாக் கத்திக்குத் தேம்பினார். அம்மாளுக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. “ஊரான் வீட்டுக் கத்திக்கெல்லாம் அழறீங்க. எனக்காக ஒரு சொட்டு விட்டிருப்பீங்களா?” என்று ஒருநாள் கேட்டே விட்டார். “நான் எங்க அழறேன்? உள்ள இருக்கிற வெங்காயம் அழுது” என்றார் கல்லு.

ஐந்தாம் ஆண்டு, ஊழியர்களின் வீட்டுக் கத்திகளையும் பதிவு செய்ய வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அம்மாள் வேறு வழியில்லாமல் பறக்கும் குதிரையைத் துணியில் சுற்றி எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். எங்கே சிரித்துவிடுவாரோ என்று பயந்து ஜன்னலைப் பார்த்தபடி எண்ணினார். மூன்று எண்ணுவதற்குள் படிவம் நனைந்துவிட்டது. கல்லு மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதுகொண்டிருந்தார்.

“இது டூப்ளிகேட்டுங்க. ஆட்டிப் பாருங்க, லொடலொடங்குது.”

“தெரியும்.”

“எப்பலேருந்து?”

“வாங்கும்போதே. அவன் இருநூறு வருஷம்னப்பவே சிரிப்பு வந்துச்சு. நீ அதைக் கையில வச்சுக்கிட்டு அப்படிச் சந்தோஷமா நின்னே. வேற என்ன பண்றது?”

அம்மாளுக்கும் கண் கலங்கியது. அவர் வெங்காயம் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. அலுவலக விதி ஒன்றுதான், கண்ணீர் வந்தால் அசல். அவர் வேறொரு படிவம் எடுத்து அப்படியே எழுதி முத்திரை குத்தினார். நினைவுப்பொருள் கடைக்காரர்கள் ஆட்சேபம் தெரிவித்தார்கள், மேலதிகாரி அதைத் தள்ளுபடி செய்தார். அன்று மாலை அந்தக் கத்தி மூன்று தக்காளியை விதை சிதறாமல் நறுக்கியது. அன்றிலிருந்து அந்த வீட்டில் சமையல் அதில்தான். கைப்பிடி மட்டும் இன்றும் லொடலொடக்கிறது.